முப்பது வினாடிக்கு மூன்று இலட்சம்

பழைய ஓட்டு வீட்டில் குடியிருப்பவனுக்கு மாரி மழை தொடங்குமுன் ஒரு கணக்கு உண்டு. எத்தனை ஓடு உடைந்தது, எத்தனை சிலாகை உளுத்தது, மேசனுக்கு எவ்வளவு, தச்சனுக்கு எவ்வளவு என்ற கணக்கு அது. சென்ற ஆண்டு அந்தக் கணக்கை முடித்து, சீட்டு எடுத்த காசும் சேமிப்பும் சேர்ந்து நாலு இலட்சம் ரூபா கைக்கு வந்து, நானும் மனைவியும் நிம்மதியாக மூச்சுவிட்ட அன்று மாலைதான் என் தமக்கையின் மகன் படலையைத் திறந்துகொண்டு வந்தான்.

"மாமா, உங்களோடை ஒரு விசயம் கதைக்க வேணும்" என்றான்.

மருமகன் இப்படித் தொடங்கினால் அது காசு விசயம் என்பது எந்த மாமனுக்கும் விளங்கும். பையன் மருதனார்மடத்தில் சங்கீதம் பயின்று பட்டம் பெற்றவன். ஆசிரிய நியமனத்துக்கு இரண்டு ஆண்டுகளாகக் காத்திருந்தான். அந்த இடைக்காலத்தில் கலியாண வீடுகளில் கீபோட் வாசித்தான். யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு நகைக்கடைக்காரர் அதைக் கேட்டுவிட்டு, தமது கடைக்கு முப்பது வினாடி விளம்பர இசை ஒன்று அமைத்துத் தரும்படி சொல்லியிருக்கிறார். அது நன்றாக வந்தால் அவருடைய மைத்துனரின் புடைவைக் கடைக்கும் ஒன்று வேண்டுமாம். பையன் இதையே தொழிலாக்கலாம் என்று தீர்மானித்துவிட்டான். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த கடதாசி ஒன்றை எடுத்து என் முன் விரித்தான். கருவிகளின் பட்டியல் அது. அடியில் போட்டிருந்த கூட்டுத்தொகை ஒன்பது இலட்சத்து இருபதினாயிரம்.

"அம்மா காப்பை அடகு வைக்கிறன் எண்டு சொல்லிப் போட்டா. மிச்சத்துக்குத்தான் உங்களிட்டை வந்தனான்" என்றான். பிறகு, நான் மறுப்பேன் என்று எண்ணியோ என்னவோ, "ஏ. ஆர். ரகுமானுக்கும் அப்படித்தான் மாமா" என்று சேர்த்துக்கொண்டான்.

அவன் சொன்னது பொய்யன்று. ரகுமான் தொடக்கத்தில் விளம்பரங்களுக்கே இசையமைத்தவர். 1989 இல் சென்னை கோடம்பாக்கத்தில் தம் வீட்டோடு சேர்த்து ஓர் ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தார். கூடத்தைக் கட்டிய பின் உள்ளே வைக்கக் கருவி வாங்கப் பணமில்லாமல் வெறும் அறையில் உட்கார்ந்திருந்ததையும், தாயார் தம் நகைகளை அடகு வைக்கக் கொடுத்ததில் முதல் ஒலிப்பதிவுக் கருவி வந்ததையும் அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். மணிரத்தினத்தின் 'ரோஜா' 1992 இல் வந்தது. அதன் பின் நடந்ததை உலகம் அறியும்.

ஆனால் நேயர்களே, தாயின் நகையை அடகு வைத்து வெற்றி கண்டவரைத்தான் பத்திரிகைக்காரர் தேடிப் போய்ப் பேட்டி எடுக்கிறார்கள். அடகு வைத்து மீட்க முடியாமற் போனவர்களை யாரும் பேட்டி காண்பதில்லை. அவர்கள் தொகை எவ்வளவோ! இதை நான் பையனிடம் சொல்லவில்லை. தமக்கையின் கையில் மிஞ்சியிருப்பது அந்த இரண்டு காப்புகள்தாம். "இரண்டு நாள் பொறு. பட்டியலை நான் பார்க்கிறன்" என்று மட்டும் சொன்னேன்.

அன்றிரவு அந்தக் கடதாசியை வைத்துக்கொண்டிருந்தபோது, என் சிறுபிராயம் நினைவுக்கு வந்தது. 1990 இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றபோது எனக்குப் பத்து வயது. வானொலிப் பெட்டிக்குப் போடும் மின்கலம் தடைசெய்யப்பட்ட பொருள்களில் ஒன்று. எனவே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலி கேட்டோம். ஐயாவும் அயலவரும் செய்தி கேட்பார்கள். சுற்றுகிற வேலை என்னுடையது. சுற்றுவது தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தளர்ந்து அடங்கிவிடும். செய்திக்கு முன்னும் பின்னும் கொழும்பிலிருந்து விளம்பரங்கள் வரும். சவர்க்காரத்துக்கு ஒரு பாட்டு, பால்மாவுக்கு ஒரு பாட்டு. அந்தச் சவர்க்காரம் எங்கள் கடைகளில் இல்லை. பாட்டு மட்டும் எங்கள் வாயில் இருந்தது. 1995 ஒக்டோபர் முப்பதாந் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, கைதடிப் பக்கம் சேற்றில் நின்றுகொண்டு என் தங்கை அந்தப் பால்மாப் பாட்டைத்தான் முணுமுணுத்தாள். ஐந்து வயதுப் பிள்ளை, பசி.

விளம்பரப் பாட்டு என்றால் சிலருக்கு இளக்காரம். எனக்கு அப்படியில்லாமைக்குக் காரணம் இதுதான்.

சரித்திரத்தைப் பார்த்தாலும் அது இளக்காரமான பொருளன்று. வானொலி விளம்பரப் பாட்டுக்களில் முதலாவது என்று பொதுவாகச் சொல்லப்படுவது, 1926 இல் நத்தாருக்கு முதல்நாள் இரவு அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் நகரில் நால்வர் கூடி 'வீற்றீஸ்' என்னும் தானிய உணவுக்காகப் பாடியது. நம் நாட்டில் கொழும்பு வானொலி 1925 டிசம்பரிலேயே தொடங்கிவிட்டது. 1950 இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை ஏற்பட்டது. எஸ். பி. மயில்வாகனத்தின் குரலைத் தமிழ்நாட்டார் கடல் கடந்து கேட்டு மகிழ்ந்தார்கள். அங்கே விவித பாரதியில் விளம்பரத்துக்கு இடம் கிடைத்தது 1967 இல்தான். அதுவரை இந்தியச் சரக்குக்கும் கொழும்பிலிருந்தே பாட்டுப் போயிற்று. இந்தத் துறையில் நாம் மூத்தவர்கள்.

இனிப் பட்டியலுக்கு வருவோம். நான் பௌதிகம் படிப்பிக்கிறவன். சங்கீதம் கேட்கத்தான் தெரியும். ஆனால் ஒலி என்பது என் பாடத்தில் ஓர் அத்தியாயம். ஆகவே பட்டியலைக் கணக்குப் பரீட்சைத்தாள்போலத் திருத்தத் தொடங்கினேன்.

முதற் கேள்வி அறை. பையன் தேர்ந்திருந்தது எங்கள் வளவில் வெங்காயம் கட்டித் தூக்கும் பழைய அறை. பத்தடி நீளம், பத்தடி அகலம். சுவர்களில் ஒட்டுவதற்கென்று கடை கடையாகத் திரிந்து முட்டைத் தட்டுகள் நூறு சேர்த்து வைத்திருந்தான். முட்டைத் தட்டு வெளிச் சத்தத்தைத் தடுக்கும் என்பது உலகெங்கும் பரவிய ஒரு மூடநம்பிக்கை. மெல்லிய கடதாசிக் கூழ் எந்தச் சத்தத்தையும் மறிக்காது. உள்ளே எழும் கீச்சொலியைச் சிறிது மழுக்கும். தாழ்ந்த ஒலியை ஒன்றும் செய்யாது. தாழ்ந்த ஒலியில்தான் சங்கடமே. பத்தடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் இரண்டு சுவர்களுக்கிடையே, இருபதடி அலைநீளமுள்ள ஒலி தானே வீங்கி நிற்கும். நம் ஊர் வெப்பத்தில் அது வினாடிக்கு ஏறத்தாழ ஐம்பத்தேழு அதிர்வு. நீளமும் அகலமும் ஒன்றாகிவிட்டால் அந்த ஒரே ஒலி இரட்டிப்பாக வீங்கும். அங்கே உட்கார்ந்து இசையமைப்பவன் தாழ்ந்த ஒலி அளவுக்கு மிஞ்சிவிட்டது என்று எண்ணிக் குறைப்பான். வெளியே போனால் பாட்டு உப்பில்லாத கறிபோல இருக்கும்.

ஆகவே முதல் வேலையாக அறையின் ஒரு கோடியில் இரண்டடி விட்டுக் குறுக்கே ஒரு மரச்சட்டம் நிறுத்தி, அதன் பின்னே பழைய தும்பு மெத்தைகளை அடுக்கினோம். மற்றச் சுவர்களில் சாக்கும் தடித்த போர்வைகளும் தொங்கின. செலவு ஆணியும் கயிறும் மட்டுமே. முட்டைத் தட்டுகளை அயலிலுள்ள கோழிப் பண்ணைக்காரர் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டார்.

இரண்டாவது கணினி. பையன் பெரிய மேசைக் கணினி ஒன்றை எழுதியிருந்தான். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் நின்றதை அவன் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. மடிக்கணினியானால் மின்சாரம் போனாலும் தன் மின்கலத்தில் ஓடும். ஒலிவாங்கியிலிருந்து வரும் மின்னலையை எண்களாக மாற்றிக் கணினிக்கு அனுப்பும் சிறு பெட்டியும், ஓடியோ இன்ரர்பேஸ் என்பார்கள், அந்தக் கணினியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் வகையாக இருத்தல் வேண்டும். எட்டு வழி உள்ள பெட்டியை அவன் எழுதியிருந்தான். "ஒரே நேரத்தில் எத்தனை பேர் வாசிக்கப் போகினம்?" என்று கேட்டேன். யோசித்து, "ஒராள், கூடினால் இரண்டு பேர்" என்றான். இரண்டு வழி போதும் என்று திருத்தினேன். வினாடிக்கு 48,000 தடவை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 24 பிட்டில் எழுதும் திறமை இன்று சிறிய பெட்டிகளுக்கும் உண்டு. படத்தோடு சேரும் விளம்பரத்துக்கு வழக்கமாகக் கேட்கும் அளவும் அதுவே. அதற்கு மேலான எண்களுக்குக் கொடுக்கும் காசு பெருமைக்குக் கொடுக்கும் காசு.

மூன்றாவது ஒலிபெருக்கி. பட்டியலில் மிகப் பெரிய தொகை இதற்குத்தான். நகைக்கடை விளம்பரத்தைச் சனங்கள் எதிற் கேட்பார்கள்? கைத்தொலைபேசியில், கடை வாசலில், முச்சக்கர வண்டியின் உச்சியிற் கட்டிய குழாயில். அவற்றில் தாழ்ந்த ஒலி கேட்கவே கேட்காது. உலகப் புகழ்பெற்ற ஒலிப்பதிவுக் கூடங்களிலும் யமகா நிறுவனம் 1978 இல் வீடுகளுக்கென்று வெளியிட்ட என்.எஸ். 10 என்னும் சாதாரண ஒலிபெருக்கியை வைத்திருந்தார்கள். குறையைக் குறையாகவே காட்டும் என்பதால் அதை விரும்பினார்கள். ஆகவே இப்போதைக்கு நல்ல தலையணி ஒலிபெருக்கி ஒன்று. ஒப்பிட்டுப் பார்க்க வீட்டிலுள்ள பழைய வானொலிப் பெட்டியும் என் கைத்தொலைபேசியும். பெரிய ஒலிபெருக்கியை ஆறாவது விளம்பரத்துக்குப் பின் வாங்கலாம் என்று பட்டியலில் எழுதி வைத்தேன்.

நாலாவது ஒலிவாங்கி. இங்கேதான் எனக்கும் அவனுக்கும் வழக்கு. அவன் விலையுயர்ந்த கொண்டென்சர் வகையைக் கேட்டான். அது 48 வோல்ற் மின்சாரம் ஊட்டப்பெற்று வேலை செய்யும் மிக நுட்பமான கருவி. எறும்பு ஊர்ந்தாலும் கேட்கும். சிநேகிதனிடமிருந்து ஒன்றை இரவல் வாங்கி வந்து ஒருநாள் பரீட்சித்தோம். பையன் பாடியது பதிந்தது. அதோடு அடுத்த தோட்டத்து நீரிறைக்கும் இயந்திரம், வேலியிலிருந்த காகம், காங்கேசன்துறை வீதியில் பேருந்து அடித்த குழல், கொண்டாவிற் பக்கமிருந்து வந்த புகையிரதம், குசினியில் என் மனைவி என்னைப் பற்றிச் சொன்ன ஒரு வார்த்தை எல்லாம் பதிந்தன. ஓட்டுக் கூரையின் கீழ் அந்தக் கருவி உதவாது.

மற்றது டைனமிக் வகை. அதன் உள்ளே மெல்லிய தகடு. தகட்டோடு ஒட்டிய கம்பிச் சுருள். சுருளைச் சூழ ஒரு காந்தம். குரல் தகட்டை அசைக்க, சுருள் காந்தப் புலத்தில் அசைந்து மின்னோட்டம் பிறக்கிறது. 1831 இல் பரடே கண்ட விதி அது. சைக்கிள் டைனமோவும் அதே விதியால் ஓடுவதுதான். இந்த வகை அருகிலுள்ளதை நன்றாகவும் தொலைவிலுள்ளதைக் குறைவாகவும் கேட்கும். பெருஞ் சத்தத்தைத் தாங்கும். கீழே விழுந்தாலும் எளிதில் சாகாது. ஷூர் நிறுவனம் 1965 இல் வெளியிட்ட எஸ்.எம். 57 இன்றும் அதே பெயரில் விற்பனையாகிறது. அதையே எழுதினேன்.

ஸ்வரக்கட்டைப் பலகை, தாங்கி, கம்பிகள் எல்லாம் சேர்த்துக் கூட்டியபோது மூன்று இலட்சத்து நாற்பதினாயிரம் வந்தது. ஓட்டுக் காசிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். தமக்கையின் காப்பு அவள் கையிலேயே இருந்தது. என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதற்கு அவளுக்கு உரிமை உண்டு.

கருவிகள் வந்தன. நகைக்கடை விளம்பரமென்றால் மங்கல வாத்தியம் இல்லாமல் முடியுமா? பையன் கணினியில் ஒரு நாதஸ்வரத்தை வைத்திருந்தான். எங்கோ யாரோ ஒரு வித்துவான் தனித்தனியாக ஊதிய ஸ்வரங்களைப் பதிந்து, கட்டையை அழுத்தினால் ஒலிக்கும்படி செய்து விற்கிறார்கள். ஒரே நாளில் மெட்டு முடிந்துவிட்டது. அவனுடைய கணக்கும் அழகாகவே இருந்தது. நிமிடத்துக்கு 128 அட்சரம் என்று காலப்பிரமாணம் வைத்தால் முப்பது வினாடியில் அறுபத்துநாலு அட்சரம். ஆதி தாளத்தில் சரியாக எட்டு ஆவர்த்தனம். ஏழில் இசை, எட்டாவதில் கடையின் பெயர். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கடைக்காரருக்கும் பிடித்தது.

எங்கள் ஒழுங்கையின் முடிவில் நாதஸ்வர வித்துவான் ஒருவர் இருக்கிறார். வயது எழுபதுக்கு மேல். இணுவிலில் இது புதுமையன்று. விசுவலிங்கமும் அவர் மகன் தவில் மேதை தெட்சணாமூர்த்தியும் (1933–1975) பிறந்த மண் இது. 'கற்பகவல்லி' இயற்றிய வீரமணி ஐயரும் (1931–2003) இவ்வூரவரே. இங்கே வேலியோரம் நிற்கிறவனுக்கும் தாளம் தெரியும். வித்துவானை அழைத்துக் கேட்கச் செய்தால் ஆசீர்வாதம் கிடைக்கும் என்று நான்தான் யோசனை சொன்னேன்.

அவர் வந்தார். கதிரையில் இருந்து கண்ணை மூடிக்கொண்டு இரண்டு முறை கேட்டார். பிறகு பையனைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "மாஸ்ரர், இந்தப் பிள்ளை எந்த இடத்திலை மூச்சு எடுக்கிறான்?" என்று கேட்டார்.

நாங்கள் இருவரும் மறுமொழி சொல்லவில்லை. முப்பது வினாடியும் மூச்சு விடாமல் ஊதிய நாதஸ்வரம் அது. அவர் அதைக் குறையாகச் சொன்னார் என்றுகூடச் சொல்ல முடியாது. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டவர்போல இருந்தது. தேத்தண்ணீர் குடித்தார். "நல்லாயிருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றிரவு பையன் சாப்பிடவில்லை. "மாமா, இது ஓடினால் கடைக்காரர் எல்லாரும் இப்பிடித்தான் கேப்பினம். பிறகு அவரை ஆர் கூப்பிடப் போகினம்?" என்றான். பெட்டிக்குள் இருக்கும் நாதஸ்வரத்துக்குச் சாப்பாடு வேண்டாம், வாகனம் வேண்டாம், சால்வை வேண்டாம். மூன்று இலட்சத்துக்குக் கருவி தேர்ந்த நான் இதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. எந்தக் கருவியை வாங்குகிறோம் என்பதில் யாருக்கு வேலை கொடுக்கிறோம் என்பதும் அடங்கியிருக்கிறது.

மறுநாள் அவரிடம் போய்க் கேட்டோம். முதலில் மறுத்தார். "கோயிலிலை வாசிச்சன், கலியாண வீட்டிலை வாசிச்சன். கடைக்கு வாசிக்கிறதோ?" என்றார். பிறகு அவருடைய மனைவி உள்ளேயிருந்து ஏதோ சொன்னார். வந்தார்.

காதில் தாள ஓசை கேட்கும்படி தலையணியைக் கொடுத்தபோது கழற்றி வைத்துவிட்டார். பையன் அதைத் தான் அணிந்துகொண்டு, எதிரே நிலத்தில் இருந்து கையால் தாளம் போட்டான். ஒலிவாங்கியை நாலடி தள்ளி, அணைசிலிருந்து சற்று விலகி மேற்பக்கமாக நிறுத்தினோம். நாதஸ்வரத்தின் ஒலி துளைகளிலிருந்தும் எழுவது. வாய்க்கு நேரே வைத்தால் கூர்மை மிஞ்சிவிடும். டைனமிக் வகை என்றபடியால் அந்தப் பேரொலியைச் சலிக்காமல் தாங்கிற்று. தும்பு மெத்தைகள் தம் கடமையைச் செய்தன. மூன்றாவது தடவை வாசித்தது எல்லாருக்கும் திருப்தி. நாலாம் ஆவர்த்தனத்தின் முடிவில் அவர் மூச்சு எடுத்தது தெளிவாகக் கேட்டது. அதை நீக்க வேண்டாம் என்று பையன் சொன்னான்.

ஒரு சங்கடம். அவர் வாசித்தது முப்பத்தொன்றரை வினாடி. கணினியில் அதை நெருக்கி முப்பதாக்கலாம், கேட்பவருக்குத் தெரியாது. பையன் அப்படிச் செய்யாமல் அறிவிப்பாளர் பேசும் வசனத்தில் இரண்டு சொல்லை வெட்டி, அதை வாசிப்பின் கடைசி ஆவர்த்தனத்தின் மேலேயே ஏற்றி, வால் நீண்ட ஒரு ஸ்வரத்தை மட்டும் குறுக்கினான். கடைக்காரர் முதலில் முகம் சுளித்தார். கேட்ட பின் பேசாதிருந்தார்.

பேசிய தொகை நாற்பதினாயிரம். அதில் பதினையாயிரத்தை பையன் வித்துவானிடம் வெற்றிலையில் வைத்துக் கொடுத்தான். என் பங்குக்கு ஒரு கடதாசி எழுதினேன். இந்த வாசிப்பு இந்த விளம்பரத்துக்கு மட்டும், ஓராண்டுக்கு மட்டும்; மேலும் பயன்படுத்தினால் மீண்டும் ஊதியம்; துண்டு துண்டாக வெட்டிக் கணினி வாத்தியமாக விற்கவோ கொடுக்கவோ கூடாது. கடைக்காரரும் பையனும் வித்துவானும் கையெழுத்திட்டார்கள். இளைஞர்கள் கருவியின் விலையை விசாரிக்கிறார்கள். இந்தக் கடதாசிக்கு விலையில்லை என்பதால் விசாரிப்பதில்லை. பெற்றோர் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இதுவரை பையன் நாலு விளம்பரம் செய்திருக்கிறான். என் காசில் தொண்ணூறாயிரம் திரும்பி வந்திருக்கிறது. புடைவைக் கடைக்காரர் செலவைக் குறைக்க வேண்டுமென்று பெட்டி நாதஸ்வரத்தையே கேட்டார். பையன் அதையும் செய்து கொடுத்தான். வீட்டில் அரிசி வாங்க வேண்டியிருந்தது. அதைக் குறையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்தப் போராட்டம் ஒரு நாளில் முடிவதன்று.

கார்த்திகையில் மழை வந்தது. எங்கள் முன்னறையில் மூன்று இடத்தில் ஒழுகிற்று. மனைவி மூன்று பாத்திரம் வைத்தாள். அந்த மழை சற்று ஓய்ந்த ஒரு காலையில், கடையின் முச்சக்கர வண்டி குழாயில் விளம்பரத்தைப் போட்டுக்கொண்டு எங்கள் ஒழுங்கைக்குள் வந்தது. வித்துவான் சால்வையைத் தலையிற் போட்டுக்கொண்டு தம் படலையடியில் நின்றார். வண்டி கடந்து, சந்தியில் திரும்பி, சத்தம் தேயும்வரை நின்றார். நான் அருகிற் போனேன்.

"எப்பிடி ஐயா?" என்றேன்.

"ஏழாவது ஆவர்த்தனத்திலை சுருதி ஒரு நூல் ஏறிப் போச்சு" என்றார். "தம்பியிட்டைச் சொல்லுங்கோ, அடுத்த முறை காலமை வைக்கச் சொல்லி. பின்னேரத்திலை சீவாளி சரியா நிக்குதில்லை."